‘3 ஆம்பியர்’ என்று போட்டிருந்தால் நம்பலாமா?

கையில் இருப்பது 12 வோல்ட் அடாப்டர்; ஈஎஸ்பி32 போர்டு கேட்பதோ 5 வோல்ட். பழைய 7805 ஐசியைப் போட்டால் 1 ஆம்பியர் இழுக்கும்போது 7 வாட் வெறும் சூடாகவே போகும். அதனால்தான் சென்னை ரிச்சி தெருவுக்குப் போகிறவர்கள் ஸ்டெப்-டவுன் மாட்யூல் கேட்கிறார்கள். மலிவு விலையில் அதிகம் புழங்குபவை மூன்று: எல்எம்2596, எம்பி1584, மினி-360. மூன்றின் விளம்பரத்திலும் ‘3 ஆம்பியர்’ என்றே இருக்கும். அது ஐசியின் உச்ச வரம்பு. ஹீட் சிங்க் இல்லாத அந்தச் சின்னப் போர்டு அவ்வளவு சூட்டைத் தாங்கும் என்று அர்த்தமில்லை.

எல்எம்2596-தான் இவற்றில் பெரியது, பழையது, பழகச் சுலபமானது. பல சுற்று ட்ரிம்பாட் இருப்பதால் 5.00 வோல்ட்டை நிதானமாகப் பிடிக்கலாம். புதுப் போர்டில் திருகைப் பல சுற்று சுற்றியும் மீட்டர் அசையாமல் நிற்பதுண்டு. கெட்டுப்போனது என்று தூக்கிப் போட்டுவிட வேண்டாம், இன்னும் சுற்றினால் இறங்கும்.

இதன் பெரிய தலைவலி போலி ஐசி. அசல் எல்எம்2596 ஸ்விட்ச் ஆகும் வேகம் 150 கிலோஹெர்ட்ஸ். மலிவுப் போர்டுகள் பலவற்றை ஆசிலோஸ்கோப்பில் பார்த்தால் ஏறக்குறைய 50-இல்தான் ஓடுகின்றன. அது முந்தைய தலைமுறை எல்எம்2576-இன் வேகம். வேகம் மூன்றில் ஒன்றானால் காயிலும் அதற்கேற்பப் பெரிதாக வேண்டும். போர்டில் இருப்பதோ 150-க்குக் கணக்குப் போட்ட காயில். விளைவு: ரிப்பிள் ஏறும், லோடு கூடினால் காயில் சுடும்.

எம்பி1584 கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம்தான் பெரியது. உள்ளீடு 28 வோல்ட் வரை. பேட்டரி புராஜெக்ட்டுக்கு இதுவே பொருத்தம்: எல்எம்2596 சும்மா இருக்கும்போதே சுமார் 5 மில்லிஆம்பியர் குடிக்க, இந்த ஐசிக்கு 0.1 மில்லிஆம்பியர் போதும். குறை அந்தக் குட்டி ட்ரிம்பாட். ஒரு மயிரிழை திரும்பினாலும் வோல்டேஜ் எகிறும். செட் செய்ததும் ஒரு சொட்டு நெயில் பாலிஷ் வைத்துவிடுவது நல்லது.

மினி-360 இன்னும் சின்னது. உள்ளே எம்பி2307 ஐசி. உள்ளீட்டு வரம்பு 23 வோல்ட். 24 வோல்ட் சப்ளையில் மாட்டவே கூடாது. எம்பி1584-க்கும் அங்கே ஆபத்து உண்டு: நீள ஒயரோடு சட்டென்று செருகினால், உள்ளீட்டு செராமிக் கெப்பாசிட்டரில் வோல்டேஜ் ஒரு கணம் ஏறக்குறைய இரட்டிப்பாகத் துள்ளும்.

ஆக, 24 வோல்ட்டுக்கும் கற்றுக்கொள்வதற்கும் எல்எம்2596. பேட்டரிக்கும் குட்டி டப்பாவுக்கும் எம்பி1584. 12 வோல்ட்டுக்குள் இடம் நெருக்கடி என்றால் மட்டும் மினி-360. எதை வாங்கினாலும் தொடர்ந்து ஓட்ட ஒன்றரை ஆம்பியரே வரம்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் மல்டிமீட்டரை வைத்து வோல்டேஜை செட் செய்யுங்கள். அதற்குப் பிறகே ஈஎஸ்பி32-ஐ இணையுங்கள்.