அந்தப் பெண்ணுக்குப் பால் கட்டவில்லையா?

பல வருஷங்களுக்கு முன் ஒரு வாரப் பத்திரிகையில் நான் எழுதிய தொடர்கதையின் 22-வது அத்தியாயத்தில் கதாநாயகிக்குக் குழந்தை செத்துப் பிறந்தது. ஏழு மாதம் முடிந்திருந்தது. குழந்தை நல்லபடியாகப் பிறந்துவிட்டால் புருஷனும் மனைவியும் சமாதானமாகிவிடுவார்கள். அவர்கள் சமாதானமாகிவிட்டால் எனக்குக் கதை இல்லை. ஆகவே மாடிப்படியில் எண்ணெய் சிந்தியிருந்தது, அவள் வழுக்கி விழுந்தாள், ஆஸ்பத்திரி வராந்தாவில் டாக்டர் தலையைக் குனிந்துகொண்டார். 'தொடரும்' போட்டேன். அடுத்த வாரம் அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் புறப்பட்டுவிட்டாள். வாசகர்கள் உருக்கமாகக் கடிதம் எழுதினார்கள். அந்த அத்தியாயத்தைப் பற்றி நான் பிறகு நினைத்ததேயில்லை.

சென்ற வருஷம் வேறொரு நாவலுக்காக நெட்டுக்குப்பத்துக்கு அடிக்கடி போய்க்கொண்டிருந்தேன். எண்ணூரில் கொசஸ்தலையாறு கடலோடு சேருமிடத்தில் இருக்கிறது அந்த மீனவர் குப்பம். ஒரு புறம் கடல். ஒரு புறம் கழிமுகம். கழிமுகத்துக்கு அப்பால் அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து வந்த எண்ணெய் இந்தக் கழிமுகத்தில்தான் படிந்தது. அந்த எண்ணெயைப் பற்றிக் கேட்டு எழுதிக்கொள்ளத்தான் நான் போனேன். மீன் விற்கும் ஓர் அம்மாள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். அவளுடைய மகள் கல்லூரியில் படிக்கிறவள். புத்தகமாக வந்த என் தொடர்கதையை நூலகத்திலிருந்து எடுத்து வந்து, ராத்திரியில் தாயாருக்குப் படித்துக் காட்டியிருக்கிறாள்.

"சார், ஒண்ணு கேட்டா கோச்சுக்க மாட்டீங்களே?" என்றாள் அந்த அம்மாள்.

"கேளுங்கம்மா."

"கொழந்த செத்துப் பொறந்து, மறு வாரமே பொட்டியத் தூக்கிக்கினு கெளம்பறாளே, அந்தப் பொண்ணுக்குப் பால் கட்டலையா?"

எனக்கு ஒரு நிமிஷம் விளங்கவில்லை. விளங்கிய பிறகு பதில் சொல்ல வாய் வரவில்லை.

விமரிசகர்கள் என்னை எத்தனையோ கேள்வி கேட்டிருக்கிறார்கள். பாத்திரத்தில் முழுமை இல்லை என்பார்கள், உத்தி பழையது என்பார்கள். இந்த ஒரு கேள்வி அவை எல்லாவற்றையும்விடக் கூர்மையானது. குழந்தை உயிரோடிருக்கிறதா இல்லையா என்று உடம்பு பார்ப்பதில்லை. நஞ்சு பிரிந்ததும் ரத்தத்தில் ஒரு சுரப்பு குறைகிறது. குறைந்த இரண்டு மூன்று நாளில் பால் இறங்குகிறது. நாலு மாதத்துக்குமேல் கரு கலைந்தாலே பால் ஊறக்கூடும். பிள்ளை பெற்ற எந்தப் பெண்ணுக்கும் தெரிந்த இந்தச் சங்கதி, நூற்றுக்கணக்கான பக்கம் பெண் மனத்தைப் பற்றி எழுதிய எனக்குத் தெரிந்திருக்கவில்லை. தெரிந்திருந்தால் என் கதாநாயகி அந்தப் பெட்டியைத் தூக்கியிருக்க முடியாது.

அந்த அம்மாள் தன் தலைச்சன் கதையைச் சொன்னாள். அதுவும் ஏழு மாதம்; அதுவும் மூச்சில்லாமல் பிறந்தது. ஆண்பிள்ளைகள் துணியில் சுற்றி எடுத்துப் போய்ப் புதைத்துவிட்டு வந்தார்கள். பார்த்தால் மனசு விட்டுவிடுவாள் என்று தாய்க்கு முகத்தைக் காட்டவில்லை. "மூணா நாளு ரவிக்கையெல்லாம் நனஞ்சு போச்சு சார். கொழந்த மண்ணுக்குள்ள. பாலு மட்டும் வந்துக்கினே இருந்தது." வந்தவர்கள் எல்லாரும் ஒரே மாதிரிதான் பேசினார்கள். கெட்டதெல்லாம் அதோடு போயிற்று. அடுத்த வருஷம் சிங்கக்குட்டி மாதிரி ஒன்று பிறக்கும். அழாதே, உடம்பைப் பார்த்துக்கொள்.

மாமியாருடைய அக்கா ஒரு கிழவி மட்டும் வேறு மாதிரி. சாயங்காலம் சாயங்காலம் மல்லிகைப் பூ வாங்கி வந்து, மார்பில் வைத்துத் துணியால் கட்டிவிட்டு, பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். பால் வற்றுவதற்கு நம் பெண்கள் வெகுகாலமாகச் செய்துவரும் கைவைத்தியம் அது. வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரி டாக்டர்கள் இதை மாத்திரையோடு ஒப்பிட்டு ஆராய்ந்து, பூவுக்கும் பலன் உண்டென்று 1988-ல் எழுதினார்கள். நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ இவள் கிழவியைக் கேட்டாளாம்: "ஆயா, நீ பாத்தியே, அது யார் ஜாடை?" கிழவி யோசித்துச் சொன்னாளாம்: "உன் புருசன் ஜாடைதான். நெத்தி மட்டும் உன்னுது."

"அதுக்கப்புறந்தான் சார் எனக்குச் சோறு எறங்கிச்சு" என்றாள்.

நெட்டுக்குப்பத்திலிருந்து திரும்பி வந்து, எனக்குத் தெரிந்த இலக்கியங்களை இந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு மறுபடியும் புரட்டிப் பார்த்தேன்.

புறநானூற்றின் 74-ஆம் பாட்டு சேரமான் கணைக்கால் இரும்பொறை பாடியது. சிறையில் தாகத்துக்குத் தண்ணீர் கேட்டு, அது காலந்தாழ்ந்து வந்த அவமானத்தில் பாடினான். இறந்த குழந்தையானாலும், உருவமற்ற தசைப் பிண்டமாகப் பிறந்தாலும், அதையும் ஆள் அல்ல என்று தள்ளாமல் வாளால் வெட்டிப் புதைக்கும் குலத்தில் பிறந்தவன் இப்படி உயிர் வைத்திருக்கலாமா என்பது அவன் ஆற்றாமை. அது வீரனின் மானத்தைப் பற்றிய பாட்டு. அதில் தாயைத் தேடுவது நியாயமாகாது. ஆனால் அந்தக் குழந்தையையும் ஓர் ஆளாக எண்ணினார்கள் என்ற சேதி அதில் இருக்கிறது. அதற்குப் பிறகு வந்த நாம் அதைக்கூட எண்ணவில்லை. பாரதத்தில் உத்தரைக்குப் பரீக்ஷித்து உயிரில்லாமல் பிறக்கிறான். அவளைக் கதறி அழவிடுகிறார் வியாசர். பிறகு கிருஷ்ணன் வந்து உயிர் கொடுத்துவிடுகிறான். கிருஷ்ணன் வராத வீடுகளைப் பற்றி அங்கே பேச்சில்லை.

ஹெமிங்வேயின் 'போர்க்களத்துக்குப் பிரியாவிடை' என்று நாம் சொல்லக்கூடிய 1929-ஆம் வருஷத்து நாவலின் முடிவில், காதரீனுக்கு ஆபரேஷன் செய்து எடுத்த குழந்தைக்கு உயிரில்லை. தகப்பனுக்கு அதன்மேல் பாசமே எழவில்லை. உடனே காதரீனும் இறந்துவிடுகிறாள்; அவன் மழையில் நடந்து போகிறான். மகத்தான முடிவு என்று உலகம் சொல்கிறது, நானும் சொல்லியிருக்கிறேன். இப்போது பார்த்தால், தாய் உயிரோடிருந்து நாலாம் நாள் விழித்துக்கொள்வதை எழுதுவதைவிட அவளும் இறந்துபோவது ஆசிரியனுக்கு எளிது என்று படுகிறது.

நெட்டுக்குப்பத்து அம்மாளின் கேள்விக்குப் பதில் வைத்திருப்பவர் எனக்குத் தெரிந்து ஸ்டைன்பெக் ஒருவர். 1939-ல் வந்த அவருடைய 'கோபத்தின் கனிகள்' நாவலில், பிழைப்புத் தேடி அலையும் குடும்பத்துப் பெண் ரோஸ் ஆஃப் ஷேரனுக்குக் குழந்தை செத்துப் பிறக்கிறது. பெரியப்பன் அதை ஆப்பிள் பெட்டியில் வைத்து வெள்ளத்தில் விடுகிறான். கடைசியில் அவள், பசியால் சாகக் கிடக்கும் யாரோ ஒரு மனிதனுக்குத் தன் பாலைக் கொடுக்கிறாள். அந்தக் காலத்தில் இதை ஆபாசம் என்றவர்கள் உண்டு. அவளுக்குப் பால் இருக்கும் என்று அந்த மனிதருக்குத் தெரிந்திருந்தது. நாவலாசிரியனுக்கு இந்த அறிவுதான் முதலில் வேண்டும். எனக்கு ஒரு குறை மட்டும் உண்டு. அந்தப் பால் சீக்கிரமாகவே மனிதகுலத்துக்கு ஓர் அடையாளமாகிவிடுகிறது. அவள் தன் குழந்தைக்காக அழ அவகாசம் கிடைக்கவில்லை.

நம்முடைய கதைகளின் பெரிய பாவம் வேறு. நாம் காரணம் கண்டுபிடிக்கிறோம். அவள் படியில் விழுந்தாள், கனத்த குடத்தைத் தூக்கினாள், புருஷன் பேச்சைக் கேட்கவில்லை. காரணமில்லாமல் கதையில் எதுவும் நடக்கக்கூடாது என்பது கதை இலக்கணம். ஆனால் முதல் மூன்று மாதத்தில் கலையும் கருக்களில் ஏறக்குறைய பாதி, கரு உருவாகும்போதே குரோமோசோமில் நேர்ந்த பிழையால் கலைகின்றன. எந்தக் குடத்துக்கும் அதில் பங்கில்லை. தகழியின் 'செம்மீன்' 1956-ல் வந்தது. சுந்தர ராமசாமி தமிழில் தந்தார். கடலுக்குப் போனவனின் உயிர் கரையிலிருக்கும் மனைவியின் நடத்தையில் இருக்கிறது என்ற நம்பிக்கைமேல் எழுந்த நாவல் அது. அதன் அழகில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் முடிவில் தகழி அந்த நம்பிக்கையைக் கேள்வி கேட்காமல் பலிக்கவிட்டுவிடுகிறார். கடலில் போன உயிருக்கே பெண் பொறுப்பு என்றால், அவள் வயிற்றிலேயே போன உயிருக்கு யாரைக் கேட்பார்கள்? என் மாடிப்படி எண்ணெயும் அதே குற்றப்பத்திரிகைதான்.

அந்த அம்மாளும் என்னிடம் காரணம் கேட்டாள். "இந்தப் பொகையாலதான் போச்சா சார்?" காற்றிலுள்ள நுண்துகளுக்கும் குறைமாதப் பிரசவத்துக்கும் தொடர்பு உண்டென்று ஆராய்ச்சிகள் சொல்கின்றன, அதை நாம் உரக்கச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் இந்த ஒரு குழந்தை ஏன் போயிற்று என்று அந்தக் கணக்குச் சொல்லாது. நான் அவளிடம் சொல்ல முடிந்தது ஒன்றே: "உங்களால் இல்லையம்மா."

இந்த விஷயத்தில் சட்டமே கதாசிரியனைவிட நுட்பமாக இருக்கிறது. 1969-ஆம் வருஷத்துப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம், செத்துப் பிறப்பதையும் பிறப்பு என்றே கொள்கிறது. மரணம் என்பதையோ, உயிரோடு பிறந்த பின்னர் உயிர் போவது என்று வரையறுக்கிறது. ஆக, அந்தக் குழந்தை சர்க்கார் ஏட்டில் பிறந்தது, ஆனால் இறக்கவில்லை. தாயின் மனநிலையை இதைவிடச் சரியாகச் சொல்ல என்னால் முடியாது. 1961-ஆம் வருஷத்து மகப்பேறு நலச் சட்டம் கரு கலைந்தவளுக்கு ஆறு வாரம் சம்பளத்தோடு விடுப்புக் கொடுத்தது. 2020-ன் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அது இருக்கிறது. மீன்கூடை சுமக்கிறவளுக்கு அந்த ஆறு வாரத்தைக் கொடுக்க முதலாளி இல்லை. எங்களைப் போன்றவர்களின் கதாநாயகிகளுக்கு ஆறு வரிகூடக் கிடைப்பதில்லை.

முன்கூட்டிப் பிறந்து பிழைக்கும் குழந்தைகளையும் நாம் நன்றாக நடத்தவில்லை. 37 வாரம் நிறையாமல் பிறப்பதைக் குறைமாதம் என்கிறார்கள். 2020-ல் உலகில் அப்படிப் பிறந்தவை சுமார் 1 கோடியே 34 லட்சம். அதில் ஏறக்குறைய 30 லட்சம் இந்தியாவில். எந்த நாட்டையும்விட இங்கேதான் அதிகம். இத்தனை வீடுகளில் நடப்பது கதையில் ஏன் வரவில்லை? அங்கே 'சம்பவம்' இல்லை. நாற்பது நாள், ஐம்பது நாள், ஒரு தாய் வார்டில் உட்கார்ந்து, இன்று எத்தனை கிராம் ஏறியது என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். அவ்வளவுதான்.

என்னைக் கேள்வி கேட்ட அம்மாளுக்கு இரண்டாவது பிரசவமும் குறைமாதம். ஏழில் பிறந்தால் பிழைக்கும், எட்டில் பிறந்தால் தங்காது என்று ஊரெல்லாம் ஒரு நம்பிக்கை, இது எட்டு. அந்த நம்பிக்கை தவறு. வயிற்றில் கூடுதலாக இருக்கும் ஒவ்வொரு வாரமும் குழந்தைக்கு லாபமே. அரசாங்க ஆஸ்பத்திரி ஒன்றில் ஒரு நர்ஸம்மா, குழந்தையைத் துணியில்லாமல் தாயின் மார்போடு சேர்த்து நாளெல்லாம் கட்டிவைத்தாளாம். கொலம்பியாவின் பொகோடா நகரில், கண்ணாடிப் பெட்டிகள் போதாத ஆஸ்பத்திரியில் எட்கர் ரே என்ற டாக்டர் 1978-ல் தொடங்கிவைத்த முறை அது. கங்காரு குட்டியைப் பையில் வைத்திருப்பதால் அந்தப் பெயர் வந்தது. தாய்க்கு அலுத்தால் தகப்பன் கட்டிக்கொள்ளலாம். மூத்ததைப் புதைத்துவிட்டு மூன்றாம் நாளே கடலுக்குப் போன அந்த மனிதனை, அப்போது யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இந்தத் தடவை அவன் சட்டையைக் கழற்றிவிட்டு, அசையாமல் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தானாம். "அப்பதான் சார் அது அழுது நான் பாத்தேன்" என்றாள் மனைவி. 'அது' என்று அவள் சொன்னது புருஷனை.

அந்த எட்டாம் மாதக் குழந்தைதான் தாயாருக்கு என் கதையைப் படித்துக் காட்டிய பெண்.

துக்கப்படுகிற வீட்டுக்கு என்ன செய்வது என்று எல்லாரும் தயங்குகிறோம். விரும்பினால் பெற்றோர் குழந்தையைப் பார்க்கட்டும், ஏந்தட்டும், பேர் வைக்கட்டும் என்று இன்றைய மருத்துவ வழிகாட்டிகள் கூறுகின்றன. அந்தக் கிழவி எதையும் படித்தவளில்லை. முகம் பார்க்காதவளுக்கு முகத்தைச் சொன்னாள். 'அடுத்தது பிறக்கும்' என்பவர்களும் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனால் அடுத்த அத்தியாயத்துக்கு அவசரப்படுகிற தொடர்கதைக்காரனின் குணம் அது. போனது ஒன்று உண்டு, அதற்கு ஒரு ஜாடை உண்டு என்று ஒப்புக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவர் வேண்டும். கதை அந்த வேலையைச் செய்யலாம். நம் கதைகளில் மல்லிகைப் பூ முதலிரவுக் கட்டிலில் மட்டுந்தான் மணக்கிறது. அதற்கு இன்னோர் உபயோகமும் இருப்பதை யாரும் எழுதியதாக எனக்கு ஞாபகமில்லை.

இந்த வருஷம் என் பதிப்பாளர் அந்தத் தொடர்கதையை மறுபதிப்புச் செய்ய விரும்பினார். 22-க்கும் 23-க்கும் நடுவில் ஓர் அத்தியாயம் சேர்த்துத் தருகிறேன் என்றேன். ஒரு வாரத்தில் முடித்துவிடலாம் என்று எண்ணினேன். எழுதத் தொடங்கினால், மூன்றாம் நாள் அவளுக்குப் பால் கட்டுகிறது, ஜுரம் அடிக்கிறது, புருஷன் வாசலில் நிற்கிறான், உள்ளே வரத் தெரியவில்லை. இப்படிப்பட்டவள் அடுத்த வாரம் பெட்டியைத் தூக்கமாட்டாள். அவன்மேல் அவளுக்கிருந்த கோபமும் பழைய கோபமாக இராது. பெட்டி நகராவிட்டால் அதன்பின் நான் எழுதிய 18 அத்தியாயங்களும் நிற்கவில்லை.

பதிப்பாளரிடம் தவணை கேட்டிருக்கிறேன். எத்தனை நாள் என்று அவர் கேட்டார். எனக்குத் தெரியவில்லை என்றேன்.