நண்பர் கைவிடும் வேளை: மோட்சப் பிரயாணம் பற்றிய ஒரு மதிப்பீடு

நண்பரால் கைவிடப்பட்ட விசுவாசிக்கு ஆறுதல் கூற முற்படும் பிரசங்கிமார் பெரும்பாலும் ஒரே வழியைப் பின்பற்றுகின்றனர். மனிதர் கைவிடுவர், கர்த்தர் கைவிடார் என்று கூறி, மோட்சப் பிரயாணத்தில் வரும் உளையின் காட்சியை எடுத்துக்காட்டி, அத்துடன் அமைகின்றனர். கூறுவது உண்மையே. ஆயினும் அந்நூல் அவ்வளவுதான் கூறுகின்றதா என்பதையும், அது சொல்லாமல் விட்ட ஒன்றைத் திருமறை சொல்லுகின்றதா என்பதையும் ஆராய்தல் திருப்பணியாளராகிய நம் கடமையாகும்.

நூலாசிரியராகிய ஜான் பனியன் தனிமையை அறிந்தவர். 1660ஆம் ஆண்டில் இரண்டாம் சார்லஸ் மன்னர் இங்கிலாந்துக்குத் திரும்பியபின், அனுமதியின்றிப் பிரசங்கித்த காரணத்தால் பெட்ஃபோர்டுச் சிறையில் அடைக்கப்பட்டு, ஏறத்தாழ 12 ஆண்டுகள் அங்கிருந்தார். இனிப் பிரசங்கிப்பதில்லை என வாக்களித்திருப்பின் அவர் வீடு திரும்பியிருக்கலாம். மனைவியையும், பார்வையற்ற மகளையும் பிரிந்திருந்த வேதனையை 1666இல் வெளியான தம் வாழ்க்கை நூலில் அவர் மறைக்கவில்லை. மோட்சப் பிரயாணத்தின் முதற்பாகம் 1678இலும், இரண்டாம் பாகம் 1684இலும் வெளிவந்தன. எச். ஏ. கிருஷ்ணபிள்ளை 1894இல் வெளியிட்ட இரட்சணிய யாத்திரிகத்தின் வாயிலாக இக்கதை தமிழ்க் காப்பியமாகவும் நமக்கு உரியதாயிற்று. பாத்திரங்களின் பெயர்கள் தமிழில் பலவாறு வழங்குகின்றமையால், ஈண்டு பொருள் விளங்கும் பெயர்களையே நாம் கையாளுகின்றோம்.

அழிவின் நகரத்தை விட்டு ஓடும் கிறிஸ்தியானைத் திருப்பி அழைக்க அயலார் இருவர் வருகின்றனர். பிடிவாதன் ஏளனம் செய்து திரும்பிவிடுகின்றான். இணங்குநெஞ்சனோ வருங்கால மகிமையைக் கேட்டு உள்ளம் பூரித்து உடன் புறப்படுகின்றான். இருவரும் உளையில் விழுந்தவுடன், நீ சொன்ன இன்பம் இதுதானோ எனச் சினந்து, தன் வீட்டிற்கு அருகான கரையில் ஏறிச் சென்றுவிடுகின்றான். கிறிஸ்தியானோ தன் வீட்டிற்குத் தொலைவான கரையை நோக்கியே தத்தளிக்கின்றான்.

இருவருக்கும் உள்ள வேறுபாடு துணிவன்று, சுமையே. கிறிஸ்தியானின் முதுகில் பாவச்சுமை இருக்கின்றது. இணங்குநெஞ்சனுக்கு அது இல்லை. உளையில் அமிழ்த்துவது அந்தச் சுமையே. திரும்பிப்போக இயலாதபடி செய்வதும் அதுவே. பழைய ஊரில் அச்சுமையை இறக்கிவைக்க இடமில்லை என்பதை அவன் அறிவான். நண்பர் பிரிந்தபின் விசுவாசத்தைக் காத்துக்கொள்வது எப்படி என்று வினவுவோருக்குப் பனியன் தரும் முதல் விடை இது: நண்பனின் ஊக்கத்தை நம்பிப் புறப்பட்டவன் நண்பனோடு திரும்புவான், தன் தேவையை அறிந்து புறப்பட்டவன் தனித்தும் நடப்பான்.

ஆனால் தனித்து நடத்தலையே பனியன் விசுவாசத்தின் நிறைவாகக் காட்டுகின்றார் என எண்ணுவது பிழை. மரண நிழலின் பள்ளத்தாக்கில் நடக்கும் கிறிஸ்தியான் முன்னே ஒரு குரலைக் கேட்கின்றான். அதே இருளில் ஒருவன் சங்கீதத்தின் சொற்களைக் கூறிக்கொண்டு செல்கின்றான். முகம் தெரியவில்லை, கூப்பிட்டும் மறுமொழி வரவில்லை. எனினும் தன்னைப்போல் தேவனுக்குப் பயந்த வேறொருவரும் இவ்விருளில் உள்ளார் என்னும் அறிவே அவனைத் தேற்றுகின்றது. தனித்த விசுவாசிக்குத் திருச்சபை பல வேளைகளில் இவ்வாறே, முகமின்றிக் குரலாக மட்டுமே, கிடைக்கின்றது.

பின்னர் நிதானி என்னும் அப்பயணியைக் கண்டு, ஓடி அவனை முந்திச் செருக்குற்று நகைத்த கிறிஸ்தியான் இடறி விழுகின்றான். நிதானி வந்து தூக்கும்வரை அவனால் எழ இயலவில்லை. நிதானி மாயச் சந்தையில் கொல்லப்பட்டபின் திடநம்பிக்கை என்பவன் துணையாகின்றான். சந்தேகக் கோட்டையின் சிறையில் சாவை நாடிய கிறிஸ்தியானைத் தடுப்பவன் அவனே. இறுதி ஆற்றில் அவன் தலையை நீருக்குமேல் தாங்குபவனும் அவனே. கைவிடப்பட்டவன் என்று நாம் இரங்கும் கிறிஸ்தியான், தோழர் தாங்கியிராவிடில் நகர வாயிலை அடைந்திரான். கர்த்தர் போதும், மனிதர் வேண்டா என்னும் பிரசங்கத்திற்கு இந்நூலில் ஆதாரமில்லை.

ஆயினும் நூலில் ஒரு குறையும் உண்டு. இணங்குநெஞ்சன் ஊராரின் ஏளனத்திற்கு ஆளானதை நிதானியிடமிருந்து அறியும் கிறிஸ்தியான், அவன்மேல் தனக்கு நம்பிக்கை இருந்ததென்றும், இனி அவன் நகரத்தோடு அழிவான் என அஞ்சுவதாகவும் கூறுகின்றான். அத்துடன் இணங்குநெஞ்சனின் கதை முடிந்துவிடுகின்றது. இரண்டாம் பாகத்தில் கிறிஸ்தியானின் மனைவியும் மக்களும் அவன் வழியே வருகின்றனர். அச்சத்தால் ஒரு மாதத்திற்கு மேலாக உளையருகே கிடந்த ஒருவனும் கரை சேர்ந்த செய்தி அங்கு உண்டு. பலவீனருக்காக வழிகாட்டி நடையைத் தளர்த்துகின்றான். ஆனால் திரும்பிச் சென்ற நண்பனுக்கு மட்டும் இரு பாகங்களிலும் வழி திறக்கப்படவில்லை.

தேமாவைப் பனியன் கையாளும் முறையும் அத்தகையதே. ஆதாய மலையருகே வெள்ளிச் சுரங்கத்திற்குப் பயணிகளை அழைக்கும் அவனைக் கேயாசியின் வழித்தோன்றலும் யூதாசின் மகனுமாகக் கிறிஸ்தியான் பேசுகின்றான். விலகிப்போன தோழன் இங்கே சோதனைக்காரனாகவே உறைந்துவிடுகின்றான்.

இவ்விடத்தில் தீமோத்தேயுவுக்கு எழுதப்பட்ட இரண்டாம் நிருபத்தின் 4ஆம் அதிகாரத்தை நூலருகே வைத்து வாசிக்க வேண்டும். நிருபத்தின் ஆசிரியர் பற்றிய ஆராய்ச்சி எவ்வாறாயினும், அது காட்டும் அப்போஸ்தலன் தேமா விலகியதை ஒரே வாக்கியத்தில் கூறி முடிக்கின்றார். லூக்காவைத் தவிர எவரும் உடனில்லை. முதல் விசாரணையில் எல்லாரும் கைவிட்டனர். அக்குற்றம் அவர்கள்மேல் சுமராதிருக்க வேண்டுகின்றார். கர்த்தர் தம் அருகே நின்றார் எனச் சாட்சி பகருகின்ற அதே கடிதத்தில், தீமோத்தேயு மாரிக்காலத்துக்கு முன் வரவேண்டும், துரோவாவில் விட்ட மேலங்கியும் புத்தகங்களும் வேண்டும் எனக் கேட்கவும் அவர் நாணவில்லை.

அனைத்திலும் மேலாக, மாற்குவை அழைத்துவரச் சொல்லுகின்றார். பம்பிலியாவில் ஊழியத்தை விட்டுத் திரும்பியவர் மாற்கு. அவர் பொருட்டே பர்னபாவும் பவுலும் பிரிந்தனர் என்கின்றது அப்போஸ்தலர் நடபடிகள் 15ஆம் அதிகாரம். அவரே இப்போது ஊழியத்தில் பிரயோசனமானவர். பிலேமோனுக்கு எழுதிய கடிதத்தின் இறுதியில் மாற்குவும் தேமாவும் ஒரே வசனத்தில் உடன்வேலையாளராக வாழ்த்துரைக்கின்றனர். அவ்வசனத்தை மட்டும் வாசிப்பவன், அவ்விருவருள் எவர் விலகுவார், எவர் நிலைப்பார் என்று கூற இயலுமோ?

இதுவே நம் மதிப்பீட்டின் சாரம். நண்பர் கைவிடும் வேளையில் விசுவாசத்தைக் காத்துக்கொள்வது முன்னோக்கி நடப்பதில் மட்டும் அடங்காது. விலகினவரின் பெயரை மூடிய கணக்காக எண்ணாதிருப்பதும் அதில் அடங்கும். முன்னதைப் பனியன் எவரினும் சிறப்பாகக் கற்பிக்கின்றார். பின்னதை நிருபத்திலிருந்து நாம் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

சபைப் பூசலில் நெடுநாள் தோழர் எதிரணியில் சென்றமர்ந்த குருவானவர்களும், அழைப்பை ஏற்றதனால் நண்பரை இழந்த மாணவரும் இதை வாசிப்பர். அவர்கள் தங்கள் துயரத்தை மறைக்க வேண்டுவதில்லை. உடனிருக்கும் லூக்காவை மதிக்கட்டும். வரக்கூடிய தீமோத்தேயுவுக்கு எழுதட்டும். ஆராதனைக்கு வருவதை நிறுத்திவிட்ட மாற்குவின் வீட்டுக்கும் ஒருநாள் செல்லட்டும். அவன் கதவைத் திறவாமலும் இருக்கலாம். ஆயினும் கதவைத் தட்டிய குருவானவர் தம் விசுவாசத்தைக் காத்துக்கொண்டவராவார்.