பாகூர்க் கள்ளின் வயது

ஓக் பீப்பாயில் மூன்றாண்டாவது கிடந்தால்தான் சட்டப்படி அது ஸ்காட்ச் விஸ்கி. புதுச்சேரியின் பாகூர்ப் பக்கம் கள்ளுக்கு வயது மணிக்கணக்கில்தான்.

விடியலில் இறக்கிய தென்னங்கள்ளை முதலில் முகர்ந்து பார்க்க வேண்டும். இளநீர் வாசனை, அதன் அடியில் புளித்த மாவின் மணம். நாக்கில் இனிப்பு முந்தும், நுரை பின்னால் சுருக்கென்று வரும். முற்பகலில் இனிப்பும் புளிப்பும் சமமாக நிற்கும். அந்த வேளைக் கள்ளுக்கு ஈடு எனக்குத் தெரிந்து இல்லை. ஈஸ்ட்டை யாரும் சேர்ப்பதில்லை. காற்றிலும் பாளையிலும் பழைய கலயத்தின் உட்சுவரிலும் இருப்பதே சர்க்கரையை ஆல்கஹாலாக்குகிறது. கலயத்தில் சுண்ணாம்பு தடவிவிட்டால் பனையில் அதுவே பதநீர். மாலையில் புளிப்பு ஏறும், விட்டுவைத்தால் காடிதான்.

பெங்களூரு அம்ருத் சிங்கிள் மால்ட் விஸ்கியையும் விரும்பிக் குடித்திருக்கிறேன். அங்கே பீப்பாயிலிருந்து ஆண்டுக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் ஆவியாகிறது, ஸ்காட்லாந்தில் இரண்டுதான். நம் வெயில் எதையும் சீக்கிரம் முதிரவைக்கும்.

தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை. அந்தத் தடை இல்லாத புதுச்சேரியில், வில்லியனூர், பாகூர்ப் பக்கத்துக் கள்ளுக்கடைகளில் அந்தச் சுவை இன்னும் இருக்கிறது. பாளையைத் தட்டிப் பதமாக்கி, நாள் தவறாமல் மெல்லிசாகச் சீவி இறக்கும் கை மரத்தின் உச்சியில் இருக்கிறது.