பாரிசின் பழஞ்சட்டையும் ஏலக்காட்டு வேலைச்சட்டையும்

'கூழானாலும் குளித்துக் குடி. கந்தையானாலும் கசக்கிக் கட்டு' என்பது நம் முன்னோர் வழங்கிய பழமொழி. கந்தையைத் துவைத்து உடுக்க அவர்கள் நாணியதில்லை. ஆயின், அயலான் களைந்த கந்தையைப் பெரும்பொருள் கொடுத்து வாங்கி, அது கடல் கடந்து வந்தது என்பதனாலேயே பெருமை பேசும் காலம் ஒன்று வருமென அவர்கள் எண்ணியிருக்கமாட்டார்கள்.

அண்மையில் கம்பத்தில் உறவினர் இல்லத் திருமணம் ஒன்றிற்குச் சென்றிருந்தோம். சென்னையில் பணிபுரியும் இளைஞர் ஒருவர் தடித்த பருத்தியாலான நீல மேற்சட்டை அணிந்து வந்திருந்தார். சிறு வயதிலேயே தந்தையை இழந்து, தாயின் உழைப்பால் கல்லூரிப் படிப்பை முடித்த பிள்ளை அவர். சட்டையின் முழங்கை வெளுத்திருந்தது. பையோரத்தில் ஒட்டுப் போட்டிருந்தது. "ஏன் தம்பி, கல்யாணத்துக்குப் புதுச்சட்டை எடுக்கலையா?" என்று முதியவர் ஒருவர் பரிவோடு கேட்டார். "இது பிரெஞ்சுச் சட்டை, பெரியத்தா. அறுபது வருஷத்துக்கு முந்தியது. இன்டர்நெட்டில் பார்த்து வாங்கினேன். பாரிசிலிருந்து சிநேகிதர் கொண்டாந்து கொடுத்தார்" என்றார் இளைஞர். விலையைக் கேட்ட முதியவர் அதன்பின் வாய் திறக்கவில்லை.

அவ்விளைஞரைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. பழையதை உடுத்துவது இழிவுமன்று. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் ஆடையைத் தாமே தைத்துக்கொண்டார்கள் என்பதை அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் வாயிலாக அறிந்த சமுதாயம் நம்முடையது. நாம் ஈண்டு ஆராய விரும்புவது அச்சட்டையை அன்று; அதற்கு விலையேற்றிய எண்ணத்தை.

அவ்வெண்ணத்தை வளர்த்ததில் நூல்களுக்குப் பெரும்பங்கு உண்டு. மிரேய் கிலியானோ என்னும் அம்மையார் பிரெஞ்சுப் பெண்கள் பருமனாவதில்லை என்னும் பொருள்படத் தலைப்பிட்டு 2004இல் ஒரு நூல் வெளியிட்டார். இனெஸ் த லா பிரெசாஞ் பாரிசுப் பெண்ணின் உடைநயம் பற்றி எழுதினார். பாரிசைச் சேர்ந்த பெண்மணியர் நால்வர், எங்கிருந்தாலும் பாரிசியராய் வாழும் வழியை உரைத்து 2014இல் ஒரு நூல் செய்தனர். இவ்வகை நூல்கள் பெரிதும் ஒரே பாடத்தையே ஓதுகின்றன. ஆடை சிலவே இருக்கட்டும், அவை தரமுள்ளவையாய் இருக்கட்டும், பழையதைப் போற்று, பகட்டாதே, அழகுக்காக முயன்றது பிறர் கண்ணுக்குத் தெரியலாகாது.

இவ்வறிவுரையில் நன்மை இல்லையென்று நாம் சொல்லமாட்டோம். ஒருநாள் மட்டும் உடுத்திப் பெட்டியில் பூட்டும் பட்டுப்புடவைகளுக்காகக் கடன்படும் குடும்பங்கள் நம்மிடையே உள்ளன. அவர்களுக்கு இது பயன் தரும் பாடமே. குறை வேறிடத்தில் உள்ளது. கிலியானோ ஷாம்பெயின் மது விற்கும் நிறுவனத்தின் அமெரிக்கக் கிளைக்குத் தலைமை வகித்தவர். பிரெசாஞ் ஷனேல் ஆடை நிறுவனத்தின் புகழ்பெற்ற விளம்பர அழகி. விற்பவர் நாவால் சரக்கின் புகழைக் கேட்டுவிட்டு, அதுவே ஒரு நாட்டின் இயல்பு என நாம் நம்பிவிடுகிறோம். அந்நூல்கள் தீட்டும் பிரெஞ்சுப் பெண் செல்வம் படைத்தவள், மெலிந்தவள், பாரிசுவாசி. துணி நெய்தவள் அங்கே இல்லை. ஆலையில் நின்றவளும் இல்லை.

இனி அந்த நீலச் சட்டையின் வரலாற்றைப் பார்ப்போம். 'வேலை நீலம்' என்னும் பொருள்பட அதற்குப் பிரெஞ்சில் பெயர். ஆலைத் தொழிலாளரும் இருப்புப்பாதை ஊழியரும் உழவரும் அணிந்த உடை அது. அழுக்கு மறைவதற்கு நீலம்; நெடுநாள் உழைப்பதற்குத் தடித்த நூல்; கருவிகள் வைப்பதற்குப் பெரிய பைகள். நியூயார்க் நகரப் புகைப்படக்காரர் பில் கன்னிங்ஹாம் 2016இல் மறையும்வரை இத்தகைய சட்டையையே விரும்பி அணிந்தார். அவரை அதன்பால் ஈர்த்தவை மலிவும் உறுதியுமே. அவருக்குப்பின் வந்தோர் மலிவை மறந்து சட்டையைப் பிடித்துக்கொண்டனர். தொழிலாளி அணிந்தபோது அது வெறும் வேலைச்சட்டை. அவன் கண்மறைந்த பின்னரே அது 'பாணி' ஆயிற்று.

பிரான்சின் துணிப்புகழுக்கு உழைத்தோர் அந்நாட்டிலேயே எவ்வாறு நடத்தப்பட்டனர்? பட்டுக்குப் பேர்போன லியோன் நகரில் 1804ஆம் ஆண்டளவில் ஜக்கார்டு என்பார் அமைத்த தறிப்பொறி இன்று காஞ்சிபுரத்துச் சேலைக்கரையிலும் பூ வேலை செய்கிறது. இதனைப் பிரான்சு நமக்களித்த நற்கொடை எனத் தயங்காது கூறலாம். அதே லியோனில் 1831 நவம்பரில் பட்டு நெசவாளர் கிளர்ந்தெழுந்தனர். பேசி முடிவான குறைந்தபட்சக் கூலியை வணிகர் தர மறுத்ததே காரணம். படை வந்து நகரை அடக்கிற்று. 1834இல் மீண்டும் எழுந்தனர், மீண்டும் ஒடுக்கப்பட்டனர். ஆண்டிபட்டியை அடுத்த சக்கம்பட்டியில் தறியோசை கேட்டு வளர்ந்தவர்க்கு இவ்வரலாறு அந்நியமாய்த் தோன்றாது. நெய்தவனுக்குக் கூலி குறைவதும், விற்றவனுக்குப் புகழ் சேர்வதும் எந்நாட்டிலும் ஒரே கதைதான்.

இன்னொன்றும் உண்டு. பிரெஞ்சு அழகு எனப்படுவதில் நம் கைகளின் பங்கு சிறிதன்று. இந்தியாவிலிருந்து சென்ற அச்சுத் துணிகளைப் பிரெஞ்சு மக்கள் பேராவலோடு உடுத்தினர். உள்நாட்டு நெசவு அழியுமென அஞ்சிய அரசு 1686இல் அவற்றிற்குத் தடை விதித்தது. 1759வரை தடை நீடித்தும் மக்கள் மறைவாக வாங்கி அணிந்தனர். நெப்போலியன் காலத்தில் காஷ்மீரச் சால்வை பாரிசுச் சீமாட்டியரின் பெருமைப்பொருள் ஆயிற்று. அதன் முனையில் வளைந்து கிடந்த வடிவத்தையே நம் வீட்டுப் பெண்கள் மாங்காய் என்கின்றனர்.

நீலத்திற்கும் நமக்கும் உறவுண்டு. புதுவையில் நெய்து அவுரியில் தோய்த்த நீலத்துணியைப் பிரெஞ்சு வணிகர் செனகலுக்கு ஏற்றிச்சென்று, அங்கே கிடைத்த பிசினுக்குப் பண்டமாற்றுச் செய்தனர். துய்ப்ளேயின் துபாஷியாய் விளங்கிய ஆனந்தரங்கப் பிள்ளை 1736முதல் 1761வரை எழுதிய நாட்குறிப்பைப் படிப்போர், புதுவையின் துணி வணிகம் அக்காலத் தமிழர் வாழ்வில் பெற்ற இடத்தை உணர்வர். பிரெஞ்சு உடைநூல்களைத் தேடிப் படிக்கும் இளைஞர் தம் மொழியிலேயே உள்ள இந்நூலையும் ஒருமுறை புரட்டலாகாதா?

கட்டம் போட்ட சென்னைத் துணி கடல் கடந்து பிரெஞ்சு ஆட்சிக்குட்பட்ட மார்த்தினிக், குவாதலூப் தீவுகளை அடைந்தது. அங்குள்ள பெண்கள் தலைக்கட்டாய் அணியும் அத்துணிக்கு இன்றும் 'மதராஸ்' என்றே பெயர். ஆனால் அதன் உடன்பிறப்பாகிய கைலியை நாம் எவ்வாறு நடத்துகிறோம்? விருந்தினர் வரும் ஓசை கேட்டதும் உள்ளே ஓடிக் கைலியை மாற்றிக் காற்சட்டையில் நுழையும் பிள்ளைகள் உத்தமபாளையத்திலும் உண்டு, சின்னமனூரிலும் உண்டு. அதே கட்டத்துணி சட்டையாகி அயல்நாட்டுக் கடையில் தொங்கினால் கைதட்டி வாங்குவர்.

பிரெஞ்சு உடைநயத்தின் உயிர் 'தன்னியல்பு' என அந்நூல்கள் உரைக்கின்றன. அத்தன்னியல்பு எல்லோர்க்கும் உரியதா? பிரெஞ்சு அரசுப் பள்ளிகளில் முஸ்லிம் மாணவியர் தலைத்துணி அணிவதை 2004ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது. 2010இல் இயற்றிய சட்டம் பொது இடங்களில் முகத்தை மூடுவதைத் தடை செய்தது. 2023இல் உடலை மறைக்கும் நீண்ட அபாயாவும் பள்ளிகளில் விலக்கப்பட்டது. மதச்சார்பின்மை கருதியே இவற்றைச் செய்தோம் என்பது அவ்வரசின் கூற்று. அதன் தகுதியை விரித்து ஆராய இங்கே இடமில்லை. ஆயினும், அத்தனை பக்கங்களில் 'விரும்பியதை விரும்பியவாறு உடுத்து' என்று போதிக்கும் ஓர் இலக்கியத்தில், விரும்பியதை உடுத்திப் பள்ளிக்குள் நுழைய இயலாத அச்சிறுமிக்கு இடமில்லாதது குறையன்றோ? காரைக்காலிலிருந்தும் புதுவையிலிருந்தும் சென்று அங்கே குடியேறிய தமிழ் முஸ்லிம் குடும்பங்களிலும் பெண்பிள்ளைகள் உள்ளனர். அவர்களும் பிரெஞ்சுப் பெண்களே.

மீண்டும் நம் பள்ளத்தாக்கிற்கு வருவோம். கம்பத்திலும் போடியிலும் பொழுது விடியுமுன் ஜீப்புகள் நிறைகின்றன. நம் பெண்மக்கள் மலையேறிக் கேரளத்து ஏலத் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குச் செல்கின்றனர். சேலைக்கு மேலே ஆண்கள் அணிந்து கழித்த முழுக்கைச் சட்டை ஒன்றை மாட்டியிருப்பர். பனிக்கும் அட்டைக்கும் இலையின் உராய்வுக்கும் அதுவே காப்பு. முழங்கை வெளுத்திருக்கும், பையோரம் ஒட்டுப் போட்டிருக்கும். பாரிசிலிருந்து வந்த நீலச் சட்டைக்குக் கூறப்படும் சிறப்புகளுள் இதற்கு இல்லாதது எது? உறுதி உண்டு, உழைப்பின் தழும்பு உண்டு, பகட்டின்மையும் உண்டு. விலை ஒன்றுதான் இல்லை. உடுத்தியவர் நம் கண்ணெதிரே இருக்கிறார் என்பதே அதன் குறை போலும்.

திருமண வீட்டில் அவ்விளைஞரின் தாயாரும் அமர்ந்திருந்தார். கணவர் மறைந்தபின் பல ஆண்டுகள் அந்த ஜீப்பில் சென்றுவந்தவர் அவர். மலைக்குச் செல்லும்போது மறைந்த கணவரின் சட்டையைத்தான் அணிவாராம். அந்தச் சட்டை இப்போது எங்கேயென வினவினோம். "அது கிழிஞ்சு அடுப்புத் துணியாப் போச்சு. அதையெல்லாம் யாரு எடுத்து வைப்பா?" என்று சிரித்தார். அருகில் நின்ற மகன் சிரிக்கவில்லை. தம் சட்டையின் வெளுத்த முழங்கையைச் சிறிது நேரம் தடவிக்கொண்டிருந்தார்.

பிரெஞ்சு ஆடையை விலக்குக என நாம் சொல்லவில்லை. நல்ல துணி எங்கு பிறந்தாலும் நல்ல துணியே. உழைத்தோரின் உடையில் அழகு காணும் கண் உங்களுக்கு வாய்த்திருப்பின், அக்கண்ணை முதலில் நம் வீட்டுக் கொடிக்கயிற்றின் பக்கம் திருப்புங்கள் என்பதே நம் வேண்டுகோள்.