விரல் விழும் ஓசை

பாக் செல்லோவுக்கு எழுதிய ஐந்தாவது சூட் என்ற இசைத்தொகுப்பில் சரபாந்த் என்றொரு பகுதி உண்டு. சுரங்கள் சேர்ந்து ஒலிக்கும் இடமே அதில் கிடையாது. ஒன்று ஓய்ந்த பிறகுதான் அடுத்தது. பாப்லோ காசல்ஸ் 1939 ஜூனில் பாரிசில் பதிவு செய்த வாசிப்பை, வீடு அடங்கிய பின் விளக்கை அணைத்துவிட்டுத்தான் கேட்பேன். ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் அவருடைய பார்சிலோனா அந்த ஜனவரியில்தான் தளபதி பிராங்கோவின் படையிடம் வீழ்ந்திருந்தது. வில்லில் அழுகை இல்லை. ஒவ்வொரு சுரத்தையும் கையில் ஏந்தி, கனம் பார்த்து இறக்கி வைக்கிற மாதிரி இருக்கும்.

கத்தலோனியாவின் எல் வென்ட்ரெல் ஊரில் 1876இல் பிறந்தவர். அப்பா தேவாலய ஆர்கன் வாசிப்பவர். சிறுவனுக்கு முதலில் கிடைத்தது சுரைக்குடுக்கையில் தந்தி கட்டிய ஒரு கருவி. 13 வயதில், 1890இல், அப்பாவோடு பார்சிலோனா துறைமுகத்தை ஒட்டிய பழைய இசைநூல் கடையொன்றில் தாள்களைக் கிளறியபோது பாக்கின் ஆறு சூட்களும் அகப்பட்டன. அந்தக் காலத்தில் அவற்றை விரல் பயிற்சியாகவே பெரும்பாலும் நினைத்தார்கள். மேடையில் அங்கொன்றும் இங்கொன்றுமாக வாசிப்பதோடு சரி. காசல்ஸ் ஏறத்தாழ 12 ஆண்டுகள் வீட்டிலேயே சாதகம் செய்த பிறகுதான் ஒரு முழுச் சூட்டைச் சபையில் வாசித்தார். சூட்களை முழுமையாகப் பதிவு செய்யத் தொடங்கியது 1936இல், 60 வயதை நெருங்கும்போது. இந்தப் பொறுமைக்கு முன் கை கூப்பத் தோன்றுகிறது.

அன்றைய செல்லோ மாணவர்கள் அக்குளில் புத்தகத்தை இடுக்கிக்கொண்டு, முழங்கையை உடம்போடு ஒட்டிவைத்துப் பழக வேண்டும். காசல்ஸ் அந்தக் கையை விடுவித்தார். இடக்கையையும் மேலும் கீழும் இழுக்காமல், விரல்களை அகல விரித்தே சுரங்களை எட்டினார். விரல் தந்தியில் சுத்தியல் போல விழ வேண்டும் என்பது அவர் பாடம். பழைய பதிவுகளில், தட்டின் இரைச்சலுக்கு அடியில், அந்த 'டொக்' கேட்கிறது. எனக்கு அது வாசிப்பின் ஒரு பகுதியே.

சுருதியில் அவர் பியானோவின் அளவுக்குக் கட்டுப்படவில்லை. மேல் ஷட்ஜத்தை நாடும் நிஷாதத்தை அதன் பக்கமாக இன்னும் கொஞ்சம் ஏற்றிப் பிடிப்பார். காகலி நிஷாதத்தில் ஏங்கிப் பழகிய நம் காது இதைச் சட்டென்று இனம் கண்டுகொள்ளும்.

உள்நாட்டுப் போருக்குப் பின் பிரான்சின் பிராத் என்ற சிற்றூரில் தங்கிவிட்டார். உலகப் போர் முடிந்தும் வல்லரசுகள் பிராங்கோவை விட்டுவைத்ததால் கச்சேரிகளையே நிறுத்தினார். பாக் மறைந்த 200ஆம் ஆண்டான 1950இல் இசைக் கலைஞர்களே அவரைத் தேடி பிராத்துக்கு வந்தார்கள். 1961இல் அமெரிக்க அதிபர் கென்னடிமேல் கொண்ட மதிப்பால் வெள்ளை மாளிகையில் வாசித்தார். அப்போது வயது 84. கடைசியாக எடுத்துக்கொண்டது 'பறவைகளின் பாட்டு', கத்தலோனியாவின் கிறிஸ்துமஸ் பாட்டு. அந்த நிகழ்ச்சியின் பதிவில் வில்லின் நாதத்தோடு அவர் முனகலும் கேட்கிறது.

1973இல் போர்ட்டோ ரிக்கோவில் காலமானார். பிராங்கோ இறந்தது 1975இல். 1979இல்தான் காசல்ஸின் உடல் எல் வென்ட்ரெலுக்குப் போய்ச் சேர்ந்தது.