ஃபிளெமிங்கின் பொறுமை

2025 ஏப்ரல் 11 இரவு சேப்பாக்கத்தில் நடந்த ஐபிஎல் ஆட்டத்தில் சென்னை சூப்பர் கிங்ஸ் 20 ஓவரும் ஆடி 9 விக்கெட்டுக்கு 103 ரன் எடுத்தது. கொல்கத்தா அதை 10.1 ஓவரில் அடித்து முடித்தது. 59 பந்து மிச்சம். எங்கள் ஊர் குத்தம்பாக்கத்திலிருந்து பூந்தமல்லிக்குப் போய், அங்கே அண்ணா சதுக்கம் பஸ் பிடித்துச் சேப்பாக்கம் போகிறவர்களுக்கு ஒரு மேட்ச் என்றால் பாதி நாள் போய்விடும். அதற்குக் கிடைத்த பலன் இதுதான். "கோச்சை மாத்துங்கப்பா" என்ற குரல் அந்த வாரம் எங்கள் ஊர் டீக்கடையில் ஓயவில்லை. நானும் சொன்னேன். கோபம் தணிந்தபின் யோசித்தால், பாதி நியாயமும் பாதி அவசரமும் அதில் இருந்தது தெரிகிறது.

அமெரிக்காவின் பேஸ்பாலில் மேனேஜர் என்பவர் ஆட்டத்தின் நடுவே மைதானத்துக்குள் நடந்துபோய்ப் பந்து வீசுபவரையே மாற்றிவிட்டு வருவார். அங்கே ரசிகனுக்கு யாரைக் கேட்பது என்ற குழப்பம் கிடையாது. கிரிக்கெட்டில் களம் கேப்டனுடையது. ஏலத்தில் யாரை எடுப்பது, பதினொரு பேர் யார், யார் எப்போது இறங்குவது என்பவற்றில்தான் கோச்சுக்குப் பங்கு. சென்னையின் கோச் ஸ்டீபன் ஃபிளெமிங்கை இவற்றை வைத்துத்தான் எடைபோட வேண்டும்.

2008இல் சென்னைக்காக ஆடியவர், 2009 முதல் அணியின் பயிற்சியாளர். அணி தடையில் இருந்த 2016, 2017 ஆண்டுகளில் மட்டும் புனேவுக்குப் போனார். 2010, 2011, 2018, 2021, 2023 என ஐந்து கோப்பைகள். மற்ற அணிகள் இரண்டு மூன்று ஆண்டுக்கொருமுறை கோச்சை மாற்றிக்கொண்டிருந்தபோது சென்னை மாற்றவில்லை. அவரும் வீரர்களை அப்படி மாற்றவில்லை. அந்தப் பொறுமைதான் அவருடைய முறை.

அது தந்ததை மறக்க முடியாது. 2018 இறுதியாட்டத்தில் ஷேன் வாட்சன் முதல் 10 பந்தில் ஒரு ரன்கூட எடுக்கவில்லை. முடிவில் 57 பந்தில் 117, கோப்பை நம்முடையது. அடுத்த ஆண்டு அவர் தொடர்ந்து சொதப்பியபோதும் நீக்கவில்லை. ஐதராபாத்துக்கு எதிராக 96 அடித்துத் திரும்பி வந்தார். ருதுராஜ் கெய்க்வாட் 2020இல் ஆடிய முதல் மூன்று ஆட்டங்களில் எடுத்தது 0, 5, 0. நாலாவது வாய்ப்பு கிடைத்தது, அடுத்தடுத்து மூன்று அரைசதம் அடித்தார். 2021இல் 635 ரன்னோடு ஆரஞ்சுத் தொப்பி அவருக்கு. வேறு அணியில் இருந்திருந்தால் அந்தப் பையன் அந்த மூன்று ஆட்டத்தோடு காணாமல் போயிருப்பான் என்றே நினைக்கிறேன்.

பிறகு எங்கே சறுக்கியது? ஆளிடம் காட்டிய பொறுமை மெல்ல ஆட்ட முறையிலும் வந்து உட்கார்ந்துகொண்டது. 2025இல் டெல்லிக்கு எதிராக 184 இலக்கு. 20 ஓவர் முடிவில் சென்னை 158. விழுந்தது 5 விக்கெட்தான். கையில் விக்கெட்டை வைத்துக்கொண்டு 25 ரன்னில் தோற்பதை எப்படி ஏற்றுக்கொள்வது? மற்ற அணிகள் பவர்பிளேயிலேயே ஆட்டத்தைப் பறித்துக்கொண்டிருந்த காலத்தில் நாம் கடைசி ஐந்து ஓவருக்காகக் காத்திருந்தோம். அந்த ஆண்டு சேப்பாக்கத்தில் ஆறு ஆட்டம், ஒரே வெற்றி. 2008க்குப் பிறகு பெங்களூரு முதல்முறையாக இங்கே ஜெயித்தது. அந்தத் தோல்விக்குப் பின், சேப்பாக்கத்தில் சொந்த மண் சாதகம் எதுவும் தங்களுக்கு இல்லை என்று ஃபிளெமிங் சொன்னார். எனக்கு மிகவும் வலித்த சொல் அது. பதினைந்து ஆண்டுக்கு மேல் பழகிய மண்ணின் குணம் பிடிபடவில்லை என்றால், அது கோச்சின் பொறுப்பில்தான் சேரும்.

தோனி விஷயம் இன்னும் சிக்கல். பெங்களூரு ஆட்டத்தில் 197 துரத்தும்போது அவர் அஸ்வினுக்கும் பிறகு, ஒன்பதாவதாக வந்தார். முழங்கால் முன்போல் இல்லை, பத்து ஓவர் முழு வேகத்தில் ஆட உடம்பு இடம் கொடுக்காது என்று கோச் பின்னர் விளக்கினார். விளக்கம் உண்மைதான். ஆனால் அப்படிப்பட்டவரை வைத்து அணியைக் கட்டும் முடிவு யாருடையது? ஜெயித்தால் தோனியின் மூளை, தோற்றால் ஃபிளெமிங்கின் திட்டம் என்று பேசுவது நம் பக்கத்துத் தவறு. அதைத் திருத்திக்கொள்ள நமக்கும் உண்மை தெரிய வேண்டும்.

இளைஞர் விஷயத்தில்தான் என் முக்கியமான குறை. நம் சாய் கிஷோர் 2020, 2021 இரண்டு ஆண்டும் அணியில் இருந்தார், ஒரு ஆட்டம்கூடக் கிடைக்கவில்லை. குஜராத் எடுத்துக்கொண்டது, 2025இல் அவர்களுக்கு 19 விக்கெட் எடுத்துக் கொடுத்தார். அதே ஆண்டு சென்னையைக் கொஞ்சமாவது பார்க்கத்தக்கதாக ஆக்கிய ஆயுஷ் மாத்ரேயும் டெவால்ட் பிரெவிஸும் நாம் ஏலத்தில் எடுத்தவர்களே இல்லை. காயம்பட்டவர்களுக்கு மாற்றாக இடையில் வந்தவர்கள். மாத்ரே ஏழு ஆட்டத்தில் 240 ரன், பெங்களூருவில் 48 பந்தில் 94. வயது 17. அவர்கள் வருவதற்குள் சீசன் கையைவிட்டுப் போயிருந்தது. 14 ஆட்டத்தில் 4 வெற்றியோடு அணி வரலாற்றிலேயே முதல்முறையாகக் கடைசி இடம். ஏலத்தைச் சரியாகச் செய்யவில்லை என்று ஃபிளெமிங்கே ஒப்புக்கொண்டார். அந்த நேர்மையை மதிக்கிறேன்.

அவரை அனுப்ப வேண்டும் என்று இப்போது நான் சொல்ல மாட்டேன். 2025 டிசம்பரில் அபுதாபி ஏலத்தில் சென்னை, இந்திய அணிக்கு ஆடாத பிரசாந்த் வீர், கார்த்திக் சர்மா என்ற இரண்டு இளைஞர்களுக்குத் தலா 14.20 கோடி ரூபாய் கொடுத்தது. இருவருமே இருபதை ஒட்டிய வயது. இவர்கள் முதல் மூன்று ஆட்டத்தில் 0, 5, 0 என்று திரும்பினாலும், ருதுராஜுக்குக் கொடுத்த அந்த நாலாவது ஆட்டத்தை இவர்களுக்கும் கொடுங்கள், ஃபிளெமிங் சார்.