கத்தரியில் குறையில்லை

2023 நவம்பரில் பிரிட்டனும் டிசம்பரில் அமெரிக்காவும் கேஸ்ஜெவிக்கு அனுமதி தந்தன. கிரிஸ்பர் என்னும் மரபணுக் கத்தரியைக் கொண்டு உருவாகி, அனுமதி பெற்ற முதல் சிகிச்சை அது. அரிவாள் செல் நோய்க்கு நிரந்தரத் தீர்வு கிடைத்துவிட்டது என்று பலரும் எழுதினார்கள். அந்தப் புகழ்ச்சியில் எவ்வளவு நிற்கும்?

அறிவியலைப் பொறுத்தவரை முழுவதும் நிற்கும். இந்நோயுள்ள பச்சிளங்குழந்தைகளை முதல் சில மாதங்களுக்கு நோய் அதிகம் வாட்டுவதில்லை என்பதை 1948-இல் நியூயார்க் மருத்துவர் ஜேனட் வாட்சன் கவனித்தார். கருவில் உருவான ஹீமோகுளோபின் அதுவரை ரத்தத்தில் மிஞ்சியிருந்து காக்கிறது. பிறந்த பின் அதன் உற்பத்தியை அடக்குவது பிசிஎல்11ஏ என்ற மரபணு என்று 2008-இல் விஜய் சங்கரன், ஸ்டூவர்ட் ஆர்கின் குழுவினர் காட்டினர். கேஸ்ஜெவி, பழுதான ஹீமோகுளோபின் மரபணுவைத் தொடுவதே இல்லை. சிவப்பணு மரபில் பிசிஎல்11ஏ-வை இயக்கும் சிறு பகுதியைக் குலைக்கிறது. பழைய ஹீமோகுளோபின் மீண்டும் ஊறத் தொடங்குகிறது. நோயைத் திருத்தாமல் உடம்பு மறந்த ஒன்றை நினைவூட்டுகிற இந்த வழி, நம் காலத்து மருத்துவத்தின் மிக அழகான சிந்தனைகளில் ஒன்று.

பலனும் உறுதியானது. போதிய காலம் கண்காணிக்கப்பட்ட 31 அரிவாள் செல் நோயாளிகளில் 29 பேர், குறைந்தது 12 மாதம் தொடர்ந்து கடும் வலித்தாக்குதல் இல்லாமல் இருந்தார்கள். கத்தரி வேறிடத்தில் வெட்டிவிடுமோ என்ற அச்சம் நியாயமானதுதான். அதற்காகவே 15 ஆண்டுக் கண்காணிப்பு. ஆனால் என் கவலை அங்கே இல்லை.

நோயாளியிடமிருந்து எடுத்துத் திருத்திய ரத்தக் குருத்தணுக்கள் எலும்பு மஜ்ஜையில் குடியேற இடம் வேண்டும். அதற்காக ஏற்கெனவே உள்ளவற்றைப் புசல்ஃபான் என்ற கடுமையான வேதிமருந்தால் அழிக்கிறார்கள். வாய்ப்புண், தொற்று, ரத்தத்தட்டு வீழ்ச்சி, வாரக்கணக்கில் மருத்துவமனை வாசம், பிள்ளைப்பேறே இல்லாமல் போகும் ஆபத்து: இத்தனையும் அதனால் வருபவை. சிகிச்சைக்கு வருபவர்களில் பலர் வாழ்க்கையைத் தொடங்கும் வயதினர். இருபது வயதுப் பெண்ணிடம் வலியா, தாய்மையா என்று கேட்க நேர்கிற ஒரு சிகிச்சையை முழுமையானது என்று என்னால் சொல்ல முடியாது. கருமுட்டையை முன்கூட்டியே உறைய வைக்கலாம். அதற்கும் பணம் வேண்டும்.

அமெரிக்காவில் கேஸ்ஜெவியின் விலை 22 லட்சம் டாலர். நோயோடு பிறக்கும் குழந்தைகளில் முக்கால்வாசிப் பேரோ சகாராவுக்குத் தெற்கே பிறக்கிறார்கள். இந்தியாவிலும் பழங்குடிகளே அதிகம் பாதிக்கப்படுகிறார்கள். இங்கே இந்த மரபணுவின் இருப்பு முதலில் பதிவானதே நீலகிரிப் பழங்குடிகளிடம், 1952-இல். விலை நாளை குறையலாம். அணுக்களைப் பிரித்தெடுத்து, தொலைவிலுள்ள ஆய்வகத்துக்கு அனுப்பி, மாதக்கணக்கில் காத்திருந்து, மஜ்ஜையை அழித்து, நோயாளியைக் காக்கும் வசதி, விலை குறைவதால் மட்டும் உகாண்டாவின் கம்பாலாவிலோ நீலகிரியின் கூடலூரிலோ வந்துவிடாது.

கருவில் உருவாகும் அதே ஹீமோகுளோபினை ஓரளவு உயர்த்தும் மலிவான மாத்திரை ஒன்று பல ஆண்டுகளாகவே இருக்கிறது: ஹைட்ராக்ஸியூரியா. அங்கோலா, காங்கோ ஜனநாயகக் குடியரசு, கென்யா, உகாண்டா ஆகிய நாடுகளின் குழந்தைகளிடம் நடந்த ரீச் ஆய்வில் அது வலித்தாக்குதலையும் ரத்தம் ஏற்றும் தேவையையும் மரணத்தையும் குறைத்தது. அது நோயை ஒழிப்பதில்லை, தினமும் விழுங்க வேண்டும், ரத்தப் பரிசோதனையும் தேவை. என்றாலும் வேண்டிய குழந்தைகளில் பலருக்கு அது இன்னும் போய்ச் சேரவில்லை என்பது பொறுக்க முடியாதது.

ஆகவே என் தீர்ப்பு இது. பொருந்தும் மஜ்ஜைக் கொடையாளர் கிடைக்காமல், அடிக்கடி கடும் வலியால் துடிப்பவருக்குக் கேஸ்ஜெவியைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். கருவளம் காக்கும் செலவையும் சிகிச்சைச் செலவில் சேர்த்தே தர வேண்டும். ஆனால் நோய்க்கான முழு விடையாக அதை ஏற்க மாட்டேன். கத்தரியை இன்னும் கூராக்குவதை விட, புசல்ஃபானைத் தவிர்க்கும் எதிர்ப்பொருள் மருந்துகளுக்கும் உடலுக்குள்ளேயே அணுக்களைத் திருத்தும் ஆராய்ச்சிக்கும் பணம் முதலில் போக வேண்டும். அடுத்த சிகிச்சையை எடைபோடும்போது நான் கேட்கப்போகும் முதல் கேள்வி, ஒரு மாவட்ட மருத்துவமனையில் அதைச் செய்ய முடியுமா என்பதுதான்.